செருப்பு, தலைப்பாகை, தாடி: பணியிடத்தில் மறுத்துப் பேசியோர் வரலாறு

காரைக்காலுக்கு வடக்கே வங்கக் கடலை ஒட்டி அமைந்த திருவேட்டக்குடியில் ஒரு புறம் தேவாரப் பாடல் பெற்ற பழைய சிவாலயமும் மீனவர் குப்பங்களும் உள்ளன. மறு புறம், 2010இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் விரிந்து கிடக்கிறது. அங்குப் படித்து முடிப்போரும், காரைக்கால் கல்லூரிகளில் பயின்ற நம் வீட்டுப் பிள்ளைகளும் சென்னை, பெங்களூரு, துபாய், சிங்கப்பூர் என்று பணி தேடிச் செல்கின்றனர். சென்ற சில மாதங்களில் வீட்டுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் சில செய்திகள் தயக்கத்தோடு வெளிப்படும். ஜும்ஆவுக்கு அரை மணி நேரம் கேட்டால் மேலாளர் முகம் சுளிக்கிறார். தேநீர் வேளையில் பெயரை வைத்துக் கேலி பேசுகிறார்கள். வாடிக்கையாளர் வரும் நாளில் முக்காடு வேண்டாம் என்கிறார்கள்.

“பொறுத்துப் போ வாப்பா, வேலை முக்கியம்” என்பதுதான் நம் வீடுகளில் பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி. அன்பினால் சொல்லப்படும் சொல் அது; குறை கூறுவதற்கில்லை. ஆயினும் ஸப்ர் என்னும் பொறுமையை வாய்மூடியிருத்தல் என்று பொருள்கொள்ளும் வழக்கம் நம்மிடையே எவ்வாறு வேரூன்றியது என்பது சிந்திக்கத்தக்கது. தீய சொல்லை உரக்கச் சொல்வதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறும் அந்நிஸா அத்தியாயத்தின் 148ஆம் வசனமே, அநீதி இழைக்கப்பட்டவனுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு அளிக்கிறது. பாதிக்கப்பட்டவன் தன் முறையீட்டை உரக்கச் சொல்லலாம் என்பது வேதம் தந்த உரிமை. அந்த உரிமையைப் பணியிடத்தில் பயன்படுத்தியவர்கள் நம் மண்ணிலும் நம் மக்கள் சென்ற மண்ணிலும் இருந்திருக்கிறார்கள். அவர்களுள் சிலரைப் பற்றியதே இக்கட்டுரை. இவர்களுள் எல்லாரும் முஸ்லிம்கள் அல்லர். அதனால் நமக்குப் பாடம் குறைந்துவிடப் போவதுமில்லை.

காரைக்கால் 1739இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின்கீழ் வரும்வரை, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த ஆண்டுகள் நீங்கலாக, இங்கு பிரெஞ்சுச் சட்டமே ஆட்சி செய்தது. அந்தச் சட்டத்தின் தலைநகரான புதுச்சேரியில், 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் தமிழ் வழக்குரைஞர் காலில் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குச் சென்றார். இந்தியர் செருப்பைக் கழற்றிவிட்டே நீதிபதியின் முன் வர வேண்டும் என்பது அக்கால வழக்கம். வெள்ளையருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரே மன்றத்தில், ஒரே தொழில் செய்யும் இருவருள் ஒருவர் காலணியோடும் மற்றவர் வெறுங்காலோடும் நிற்க வேண்டும்.

நீதிபதி அவரை ஏற்க மறுத்தார், தண்டனையும் விதிக்கப்பட்டது. பொன்னுத்தம்பி அத்துடன் அடங்கவில்லை. உள்ளூரில் நியாயம் கிடைக்காதபோது, கடல் கடந்து பாரிஸிலுள்ள உச்ச மேல்முறையீட்டு மன்றமான கூர் த கசாசியோனுக்கு வழக்கைக் கொண்டு சென்றார். அங்கு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. கப்பலில் கடிதம் போய்த் திரும்பவே வாரக்கணக்கில் ஆகும் காலம் அது. ஒரு சோடிக் காலணிக்காக இவ்வளவு செலவும் அலைச்சலும் தேவையா என்று அன்றைய புதுச்சேரியில் சிரித்தவர்கள் இருந்திருக்கவே செய்வார்கள். இன்றும் அப்படிக் கேட்பவர்கள் உண்டு.

இந்தச் செருப்புச் செய்தி முஸ்லிம்களாகிய நமக்கு எளிதில் விளங்கும். நாள்தோறும் ஐந்து வேளை பள்ளிவாசல் படியில் செருப்பைக் கழற்றி வைக்கிறோம். அதில் இழிவு எதையும் நாம் உணர்வதில்லை. முதலாளியும் சுமை தூக்குபவரும் ஒரே படியில் கழற்றுகிறார்கள், பின்னர் தோளோடு தோள் நிற்கிறார்கள். தூவா பள்ளத்தாக்கில் மூஸா (அலை) அவர்கள் காலணியைக் கழற்றியது இறைவனின் கட்டளைக்குப் பணிந்து. பொன்னுத்தம்பியின் முன் இருந்த கட்டளையோ, இன்னாருடைய கால் கழற்ற வேண்டும், இன்னாருடைய கால் கழற்ற வேண்டியதில்லை என்று தோலின் நிறத்தைப் பார்த்துப் பிரித்தது. சிக்கல் அந்தப் பிரிவினையில் இருந்தது.

அண்டையிலிருந்த ஆங்கிலேய இந்தியாவிலும் இதே தகராறு நடந்தது. அங்கு 1854ஆம் ஆண்டின் தீர்மானம் ஒன்று, ஐரோப்பியக் காலணி அணிந்த இந்தியக் கனவான்கள் அரசு நிகழ்ச்சிகளில் அதனோடே வரலாம் என்று இசைவளித்தது. இந்திய முறைச் செருப்பு அணிந்தவருக்கு அந்தச் சலுகை கிட்டவில்லை. ஆள்பவனைப் போல உடுத்தால் மதிப்பு, தன்னைப் போலவே வந்தால் மதிப்பில்லை என்னும் இந்தக் கணக்கைப் பின்வரும் வரலாற்றிலும் காணலாம்.

பிரெஞ்சிந்தியாவிலேயே அது வேறு வடிவில் வந்தது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி, தம் மரபுவழித் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்போர் முழுக் குடியுரிமை கோரலாம் என்றாயிற்று. துறந்தவர்கள் ‘ரெனோன்சான்’ எனப்பட்டனர். குடும்பப் பெயர் ஒன்றையும் சூட்டிக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பியே அந்த இயக்கத்தின் முன்னோடியாக நின்று ‘லப்போர்த்’ என்னும் பெயரை ஏற்றார். சாதி இழிவால் நசுங்கியிருந்த பலருக்கு அது விடுதலை வாயில். அதை நாம் எளிதாக எடைபோட்டுவிட முடியாது. ஆனால் திருமணமும் வாரிசுரிமையும் ஷரீஅத்தின்படி நடக்க வேண்டும் என்று கருதிய முஸ்லிம்களுள் பெரும்பாலோர் அந்த வாயிலில் நுழைய முன்வரவில்லை. துறந்தவர்களுக்கும் முழுச் சமத்துவம் உடனே கிட்டிவிடவில்லை. 1884இல் வாக்காளர் பட்டியல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது: ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர். கைவிடச் சொன்னதைக் கைவிட்ட பிறகும் தனிப் பட்டியல்தான்.

காரைக்காலின் கடலோரத்திலிருந்து சற்றுத் தொலைவு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குச் செல்வோம். தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற ஊர் அது. 1893 மே மாதத்தில், தாதா அப்துல்லா என்னும் குஜராத்தி முஸ்லிம் வணிகரின் வழக்குக்காக இளம் வழக்குரைஞர் காந்தி அங்கு வந்திறங்கினார். வந்த இரண்டொரு நாளில் அப்துல்லா சேட் அவரை நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்றார். நீதிபதி அவரையே உற்றுப் பார்த்துவிட்டுத் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். காந்தி மறுத்து வெளியேறினார். செய்தித்தாளுக்குக் கடிதமும் எழுதினார்.

அவர் தம் தன்வரலாற்றில் குறிப்பிடும் ஒரு செய்தி நம் கவனத்துக்குரியது. அந்த நீதிமன்றத்தில் முஸ்லிம் உடையில் வருவோர் தலைப்பாகையை வைத்துக்கொள்ளலாம். பிற இந்தியர் கழற்ற வேண்டும். இந்தியர் அனைவரையும் ‘கூலி’ என்று வெள்ளையர் ஏசிய அந்நாட்டில், முஸ்லிம் வணிகர்கள் தம்மை ‘அரபிகள்’ என்று சொல்லித் தப்பினர். பார்சிகள் ‘பாரசீகர்’ என்றனர். தப்ப வழியற்றவர்கள் தமிழ், தெலுங்குக் கூலித் தொழிலாளர்கள். தமிழ்ப் பெயர்களின் ஈற்றிலுள்ள ‘சாமி’யையே வசவாக்கி அவர்களை அழைத்தார்கள். தீண்டாமைக்கு ஆளானவன், தன்னை மட்டும் வேறு சாதி என்று நிரூபித்து மீள்வது போன்றது அது. வெறுப்பு அப்படியே இருந்தது. அதன் அடி மட்டும் பக்கத்து வீட்டுக்காரன் முதுகில் விழுந்தது. நம் மார்க்கச் சகோதரர்கள் செய்தது என்பதற்காக இதை மறைத்து எழுத நமக்கு மனமில்லை.

ஆனால் அதே அப்துல்லா சேட்டின் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். வம்பு வேண்டாம், இனி ஆங்கிலேயத் தொப்பியே அணிந்துகொள்ளலாம் என்று காந்தி எண்ணியபோது தடுத்தவர் அவர்தான். நீங்கள் தொப்பிக்கு மாறினால், தலைப்பாகையை விடமாட்டேன் என்று நிற்பவர்களின் நிலை என்னாகும் என்பது அவருடைய வாதம். தொப்பி அணிந்தால் உணவக ஊழியர் என்று நினைப்பார்கள் என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். அந்த அறிவுரையில் நடைமுறை ஞானமும் நாட்டுப்பற்றும் இருந்ததோடு, சிறிது குறுகிய மனமும் இருந்ததைக் காந்தி கவனித்தார். உணவக ஊழியர்களாக இருந்தவர்கள், ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகளாகிய கிறித்தவர்கள். ஒரே பேச்சில் பிறருக்காகக் கவலைப்படுவதும் பிறரைத் தாழ்த்துவதும் கலந்து வருவதை நாம் நம் வீட்டுப் பேச்சிலும் கேட்டிருக்கிறோம்.

அடுத்த ஆண்டு நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் காந்தி வழக்குரைஞராகப் பதிவு பெற்றபோது, தலைமை நீதிபதி மீண்டும் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். இம்முறை அவர் பணிந்தார். பெரிய போராட்டங்களுக்கு வலிமையைச் சேமிக்க வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். அப்துல்லா சேட்டுக்கு அது பிடிக்கவில்லை. இருவருள் யார் சரி என்று தீர்ப்புக் கூறுவது நமக்கு எளிதன்று. பணியிடத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டையிட எவராலும் இயலாது என்பதையும், விட்டுக்கொடுத்த ஒன்றைத் திரும்பப் பெறுவது கடினம் என்பதையும் ஒருங்கே அறிந்தவர்களே நம்மில் பலர்.

அதற்குச் சில மாதங்களுக்குள் பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் ஒழுக, தலைத் துணியைக் கையில் ஏந்தி நடுங்கியபடி நின்றார். வெள்ளையரைக் காணும்போது தலைத் துணியைக் கழற்றிவிட வேண்டும் என்பது அவர்கள்மேல் திணிக்கப்பட்ட வழக்கம். அதையே காந்தி முன்னும் அவர் செய்தார். துணியைத் தலையில் கட்டிக்கொள்ளும்படி காந்தி சொன்னார். சற்றுத் தயங்கியபின் அவர் கட்டிக்கொண்டபோது முகத்தில் மகிழ்ச்சி தெரிந்ததாம். அலுவலகத்தில் எழுத்தராக இருந்த தமிழர் மொழிபெயர்த்து நடந்ததை விளக்கினார்.

அதன் பிறகு நடந்தவற்றில் ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. முதலில் மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் பெறப்பட்டது. பின்னர் நடுவரிடம் வாக்குமூலம் தரப்பட்டது. நடுவர் முதலாளிக்கு அழைப்பாணை விடுத்தார். முதலாளியைத் தண்டிப்பதைக் காந்தி நாடவில்லை. பாலசுந்தரம் அவரிடமிருந்து விடுபட வேண்டும் என்பதே நோக்கம். முடிவில் ஒப்பந்தம் வேறொரு முதலாளிக்கு மாற்றப்பட்டது. அச்செய்தி தோட்டங்களெங்கும் பரவி, தமக்கும் ஒரு வாசல் இருக்கிறது என்று தமிழ்க் கூலிகளை நம்ப வைத்தது. சான்றிதழ், வாக்குமூலம், உரிய அதிகாரி, தெளிவான ஒரு கோரிக்கை. 1894இல் பலன் தந்த இந்த வழி இன்றைய மனிதவளப் பிரிவு வாசலிலும் செல்லுபடியாகும்.

இனி நம் காலத்துக்கும் நம் அண்டை மாநிலத்துக்கும் வருவோம். மதுரை மாநகரக் காவல்துறையில் பணியாற்றும் முஸ்லிம் காவலர் ஒருவர் 2018இல் 31 நாள் விடுப்பில் மக்கா சென்று திரும்பினார். காலில் ஏற்பட்ட தொற்றுக்காக விடுப்பை நீட்டிக்கக் கேட்டு மேலதிகாரியிடம் சென்றபோது, அவர் தாடி வைத்திருந்தது பிரச்சினை ஆக்கப்பட்டது. துறைசார் விசாரணை நடந்தது. மூன்றாண்டு ஊதிய உயர்வு நிறுத்தம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது இரண்டாண்டாகக் குறைந்தது. பலர் அந்தக் குறைப்போடு திருப்தியடைந்து, எஞ்சிய காலத்தைத் தலைகுனிந்து கழித்திருப்பார்கள். அவர் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றார்.

2024 ஜூலையில் நீதிபதி எல். விக்டோரியா கௌரி தீர்ப்பளித்தார். முஸ்லிம் காவலர்கள் பணியிலும் ஒழுங்கான தாடி வைத்துக்கொள்ளலாம் என்று 1957ஆம் ஆண்டின் மதராஸ் காவல்துறை அரசிதழே இடமளித்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். காவல்துறைக்குக் கட்டுப்பாடு இன்றியமையாதது என்பதை ஏற்றபோதும், தாடிக்காகச் சிறுபான்மையினரைத் தண்டிக்க அக்கட்டுப்பாடு இடம் தராது என்றார். தண்டனை ரத்தாகி, வழக்கு மறுபரிசீலனைக்குக் காவல் ஆணையரிடம் திருப்பி அனுப்பப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அனுமதி துறையின் சொந்த ஏட்டில் அச்சாகிக் கிடந்திருக்கிறது. குற்றச்சாட்டு எழுதியவர்கள் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பொருட்படுத்தவில்லை.

எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை. இந்திய விமானப் படையில் தாடி வைக்க அனுமதி கோரிய முஸ்லிம் வீரரின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. மயிரை நீக்குவதையே மதம் தடைசெய்வோருக்குத்தான் அப்படையின் விதி விலக்களிக்கிறது. இஸ்லாத்தில் அத்தகைய தடை உண்டு என்பது நிறுவப்படவில்லை என்பது மன்றத்தின் முடிவு. அந்தத் தீர்ப்பில் நமக்கு வருத்தம் உண்டு. ஆயினும் இரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. மதுரைக் காவலருக்கு எழுதப்பட்ட விதி துணை நின்றது. விமானப் படை வீரருக்கு அது துணை நிற்கவில்லை. எனவே வாய் திறக்கும் முன் நம் பிள்ளைகள் தேடிப் படிக்க வேண்டியது, தம் நிறுவனத்தின் பணிவிதிகளை. “இது எங்கே எழுதப்பட்டிருக்கிறது, ஐயா?” என்று பணிவாகக் கேட்கும் கேள்வி பல வேளைகளில் வாதத்தைவிட வலிது. வாய்மொழியாகச் சொன்னதை மின்னஞ்சலில் தரும்படி கேட்டாலே, சில கட்டளைகள் மறுநாள் காணாமற் போய்விடும்.

தனியார் பணியிடங்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பாலினம் போன்றவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டலாகாது என்று கட்டளையிடுவது அரசுப் பணிகளுக்கே. மத அடிப்படையில் ஆளெடுக்க மறுக்கும் தனியார் முதலாளியை நேரடியாகத் தடுக்கும் பொதுச் சட்டம் இந்தியாவில் இன்னும் இயற்றப்படவில்லை. சுக்தேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. 548 வேலை விளம்பரங்களுக்கு 4808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன; தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. மேல்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று கொண்டால், தலித் பெயருக்கு அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒன்று. இங்கே கேள்வி கேட்கவும் ஆளில்லை, பதில் சொல்லவும் ஆளில்லை. வராத அழைப்பை எந்த அதிகாரியிடம் காட்டி முறையிடுவது? நம் பேச்சு சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் செல்ல வேண்டிய இடம் இது. தலித் சகோதரர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் ‘எங்களுக்கு மட்டும்’ என்று கேட்டால், நாம் டர்பனின் ‘அரபிகள்’ ஆகிவிடுவோம்.

நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரில், பொது மருத்துவமனைகளின் செவிலியர் தலைமறைப்பு அணிய 2021 நவம்பர் 1 முதல் அனுமதி கிடைத்தது. அதற்குப் பின்னால் பல ஆண்டு வேண்டுகோளும் விவாதமும் இருந்தன. 2025 ஜனவரியில் அந்நாட்டு நாடாளுமன்றம் பணியிட நியாயத்துக்கான சட்டம் ஒன்றையே நிறைவேற்றியது. மதமும் இனமும் மொழியும் அதன் பாதுகாப்புக்குள் வருகின்றன. இங்கும் அது இயலாத காரியமன்று.

இதுவரை நாம் எழுதியவை யாவும், நாம் பணியாளராக இருக்கும் இடத்தைப் பற்றியவை. காரைக்கால் கடைவீதியில் நாம் முதலாளியாகவும் இருக்கிறோம். துணிக்கடை, பாத்திரக்கடை, உணவகம் எனப் பல இடங்களில் நம்மவரிடம் பிற சமயத்தாரும், வடமாநிலத்திலிருந்து வந்த இளைஞரும் வேலை செய்கின்றனர். தீமையைக் கண்டால் கையால் தடு, இயலாவிட்டால் நாவால் தடு, அதுவும் இயலாவிட்டால் உள்ளத்தால் வெறு என்னும் கருத்துடைய நபிமொழி நாம் அறிந்ததே. முதலாளிக்கு முதற்படியே இயலும். அவர் உள்ளத்தால் வெறுத்துவிட்டு அமர்ந்திருக்க வழியில்லை.

அபூதர் (ரலி) அவர்களை அர்ரபதா என்னும் ஊரில் கண்ட ஒருவர் வியந்து நின்ற செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அபூதரும் அவருடைய பணியாளரும் ஒரே வகை ஆடை அணிந்திருந்தனர். காரணம் கேட்டபோது அவர் தம் பழைய தவற்றைச் சொன்னார். ஒருமுறை ஒருவரை அவருடைய தாயின் பிறப்பைச் சுட்டி இழித்துப் பேசிவிட்டார். அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அபூதரிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருப்பதாகக் கண்டித்தார்கள். பணியாளர் உங்கள் சகோதரர். நீங்கள் உண்பதையே உண்ணவும், உடுப்பதையே உடுக்கவும் கொடுங்கள். தாங்க முடியாத வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்னும் பொருள்பட அறிவுறுத்தினார்கள். குலம் பேசி ஒருவரை இழிவுபடுத்திய சிக்கலுக்கு நபியவர்கள் சொன்ன தீர்வு, சோற்றிலும் துணியிலும் வேலைச் சுமையிலும் வந்து நிற்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே கடை முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். கடைப் பையன்கள் தேநீர் குடிக்கும் குவளை தனியாக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறதா, மதிய உணவில் அவர்களுக்கு எது போகிறது, வடமாநில இளைஞரை எந்தப் பெயரால் கூப்பிடுகிறோம் என்பதை இந்த வாரமே பாருங்கள். திருவேட்டக்குடியிலிருந்து வேலைக்கு வரும் மீனவர் வீட்டுப் பிள்ளை, மாசி மகத்தன்று கடலாடும் விழாவுக்கு விடுப்புக் கேட்டு வருவான். ஜும்ஆவுக்கு அரை மணி கேட்ட நம் மகனைப் பெங்களூரு மேலாளர் எந்த முகத்தோடு பார்க்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அந்த முகத்தோடு அவனுக்கு விடுப்புக் கொடுங்கள். அன்றைய சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.